கோட்டு மாட்டிய ஃப்ளெக்ஸ்

பையை மேலே வைக்க வேண்டாம் தம்பி. என் மடியிலேயே இருக்கட்டும். கசங்கிவிடும்.

தின்பண்டம் இல்லை. என்னவென்று அப்புறம் சொல்கிறேன். நீ முதலில் அந்தக் காதில் மாட்டியிருக்கிறதைக் கழற்று. பெரியவன் ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சென்னை வரைக்கும் ஜன்னல் கம்பியோடா பேசிக்கொண்டு வருவேன்?

இந்த டிரைவர் புதுப் பையன். சேலம் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வருவதற்குள் கிளட்சைக் கொன்றுவிட்டான். எனக்குத் தெரியும். நான் ராசிபுரம் டெப்போவில் ஓட்டினவன். ரிட்டயர் ஆகிவிட்டேன். டிரைவர் ரத்தினம் என்றால் ஊரில் தெரியும். இதே ரோட்டில்தான் ஆயுசு போனது. சரி, அதை விடு.

உன் கழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறதே, அதைப் பார்த்துத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். முன்னால் சீட் காலியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியா? திருப்பிக் காட்டு. ம். கண்ணாடி எடுத்து வரவில்லை, எழுத்து தெரியவில்லை. போட்டோவில் உன் மூஞ்சிதான் இருக்கிறது. சரி. அப்படியென்றால் நிஜம்தான்.

என் மகள் அனுப்பின போட்டோவில் அட்டை திரும்பியிருந்தது. வெறும் வெள்ளைப் பக்கம். காற்றில் திரும்பியிருக்கும் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

நிறைமதி என்று பேர். யூனியன் கூட்டத்தில் யாரோ ஒருத்தர் குழந்தையை அப்படிக் கூப்பிட்டார்கள். பிடித்தது, வைத்தேன். வீட்டில் மதி. ஒரே பிள்ளை. அவள் பள்ளிக்கூடம் படிக்கிறபோதே அவள் அம்மா போய்விட்டாள். அதையும் விடு.

பைபாஸில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சேர்த்தேன். பேர் எதற்கு? கல்யாண மண்டபம் மாதிரி வாசல். அதில் ‘நூற்றுக்கு நூறு வேலை’ என்று போர்டு. அந்த வருஷம் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுத்தார்கள். நானும் அதையே எடுத்தேன். மதி வேறு எதையாவது கேட்டாளா என்கிறாயா? கேட்டிருப்பாள். ஞாபகம் இல்லை.

ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஓரத்தில் சிவப்புக் கோடு, உள்ளே இங்கிலீஷில் வரிவரியாக என்னமோ.

“என்ன கண்ணு இது?”

“ரெக்கார்டு நோட்டுங்கப்பா. புரோகிராம்.”

“அதைக் கம்ப்யூட்டர்ல இல்ல பண்ணோணும்?”

“லேப்ல பாதி மிஷின் ஓடாதுங்கப்பா. ஓடறதுக்கு வரிசை. நோட்டுல அழகா எழுதினா மார்க் போட்டுருவாங்க.”

“ஸ்டியரிங்கை நோட்டுல வரைஞ்சு காட்டினா லைசென்ஸா?” என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கோணல் இல்லாமல் எழுதுவாள். நல்ல மார்க் வாங்கினாள்.

கடைசி வருஷம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. ஹாலில் உட்காரவைத்துப் பேசினார்கள், பிள்ளைகளை எடுத்தார்கள். மதியையும் எடுத்தார்கள். அவள் போனில் மெயில் வந்தது. ‘சேரும் தேதி பின்னால் சொல்லப்படும்’ என்று அடியில் இருந்ததாம். அடியில் இருப்பதை யார் படிக்கிறார்கள்?

மறுநாளே ஃப்ளெக்ஸ் வைத்தேன்.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, எல்லா வண்டியும் திரும்புகிற இடம். ஆள் உயரத்துக்கு மேல் மதியின் முகம். கீழே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று டெப்போ டிரைவர், கண்டக்டர் மூஞ்சிகள் வட்டவட்டமாக. ஃப்ளெக்ஸ்காரன் கைகாரன். அவள் சுடிதார் போட்டோதான் கொடுத்தேன். அதன்மேல் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டான். மூஞ்சியைக் கொஞ்சம் வெளுத்துவிட்டான். பின்னால் கண்ணாடிக் கட்டடம், மேலே ஏரோப்பிளேன்.

“ஏரோப்பிளேன் எதுக்குங்கப்பா?” என்றாள்.

“இருக்கட்டும். நாளைக்கு அமெரிக்கா போனீன்னா இன்னொண்ணு அடிக்க வேண்டாமில்ல.”

அவள் அந்தப் பக்கம் போகவே மாட்டாள். பஸ் ஏற வேண்டுமென்றால் மார்க்கெட் வழியாகச் சுற்றிக்கொண்டு பின்னால் வருவாள். வெட்கம். பொம்பளைப் பிள்ளைக்கு இருக்கத்தானே செய்யும்.

ஃப்ளெக்ஸ் வைத்தாயிற்று. தேதி வரவில்லை.

டீக்கடையில் கேட்பார்கள். “ஏனுங்ணா, பாப்பா எப்பப் போவுது?” அடுத்த மாசம் என்பேன். அடுத்த மாசமும் அதையே சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னால் மதியைக் கேட்பேன். “தேதி வந்துச்சா?” அவ்வளவுதான் கேட்பேன். வேறு ஒரு வார்த்தை சொல்லித் திட்டினது கிடையாது. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், படுக்கப் போகிறபோது ஒரு தரம். கேட்க வேண்டாமா? அப்பன் கேட்காமல் யார் கேட்பது?

கம்பெனிக்காரன் இன்னொரு பரீட்சை வைத்தான். வீட்டிலிருந்தே எழுதுவது. அதில் காலேஜில் சொல்லித் தராததையெல்லாம் கேட்டிருக்கிறான். மதி காலேஜுக்குப் போய் வாத்தியாரைக் கேட்டாள். “அது நம்ம சிலபஸ்ல இல்லையேம்மா” என்றாராம். கம்பெனிக்குப் போன் போட்டாள். “நீங்க படிச்சது பழசு. எங்களுக்கு இப்ப இதுதான் வேணும்” என்றானாம். இவருக்கு அது தெரியாது, அவனுக்கு இது வேண்டாம். நடு ரோட்டில் பிரேக்டவுன் ஆன வண்டி மாதிரி என் பிள்ளை நிற்கிறாள். பின்னால் வருகிறவனெல்லாம் ஆரன் அடிக்கிறான். இறங்கி ஒரு தள்ளு தள்ள ஒருத்தன் இல்லை தம்பி. ஒருத்தன் இல்லை.

அவளாகவே போனைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். மறுபடி எழுதினாள். அப்புறம் கம்பெனியிலிருந்து பேச்சு மூச்சு இல்லை.

சும்மா இருக்கிற பிள்ளை இல்லை அவள். அக்கம்பக்கத்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, பட்டா மாற்ற, முதியோர் பென்ஷனுக்கு எழுதிப்போட. இப்போது எல்லாமே கம்ப்யூட்டரில்தானே. மதி லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் முடித்துக் கொடுத்துவிடுவாள். எங்கள் டெப்போவில் ரிட்டயர் ஆன அத்தனை பேரும் அவளிடம்தான் வருவார்கள். வருஷா வருஷம் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று மிஷினில் பெருவிரல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பென்ஷன் நிற்கும். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்த விரல். மிஷின் ஒத்துக்கொள்ளாது. இவள் ஈரத்துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் தன் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, அப்புறம் வைப்பாள். எடுத்துக்கொள்ளும்.

வாசலில் எந்நேரமும் பிறத்தியார் செருப்பு கிடக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

“இது ஒரு வேலையா?” என்றேன் ஒரு நாள்.

“ஜனங்களுக்கு வேணுமில்லீங்கப்பா.”

“ஜனங்களுக்கு வேணுங்கறதுக்கா உன்னைய இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்?”

மறுநாளிலிருந்து செருப்பு குறைந்தது. சொன்னால் கேட்கிற பிள்ளை.

ஆத்தூரா இது? ஏறுகிறவன் ஏறட்டும், நீ நகராதே.

அப்புறம் செங்கோட்டுவேல் வந்தார். எங்கள் பக்கத்தில் கோழித் தீவன மில் வைத்திருக்கிறார். பெரிய கை. வீட்டுக்குள் வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார்.

“ரத்தினம், ஊர்ல எல்லாரும் மாறிட்டாங்கன்னு நானும் மில்லு பூராக் கம்ப்யூட்டரு போட்டுட்டேன். எந்தப் பண்ணைக்கு எத்தனை மூட்டை, லாரி எங்க போவுது, எல்லாம் அதுக்குள்ள. வித்தவன் ரெண்டு நாளு சொல்லிக் குடுத்துட்டு ஓடிட்டான். பேப்பர்ல விளம்பரம் குடுத்தா சர்ட்டிபிகேட்டத் தூக்கிட்டு வராங்க, மிஷின்கிட்ட உக்காந்தா முழிக்கறாங்க. உம்பட பாப்பா போன வாரம் எதுக்கோ வந்துச்சு. உக்காந்த எடத்துல சரி பண்ணிட்டுப் போயிருச்சு. அனுப்பி வெய்யப்பா. எம்பொண்ணாட்டப் பாத்துக்கறேன்.”

மதி உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் கால் மட்டும் தெரிந்தது. கட்டை விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும் அப்படித்தான். ஏதாவது வேண்டுமென்றால் வாய் கேட்காது, கால் கேட்கும்.

“கோழிக்கு மூட்டை எண்ணறது ஒரு வேலையாங்க?” என்றேன். “பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனீங்கன்னா அந்த ஃப்ளெக்ஸைக் கொஞ்சம் நிமிந்து பாருங்க.”

காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். பணம் இருக்கிறவனுக்குத் திமிர்.

அன்றைக்கு மதி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “அதுவும் கம்ப்யூட்டருதானுங்கப்பா.”

“நாலு பேரு பாக்கறாங்க கண்ணு” என்றேன். தப்பாகச் சொன்னேனா? நீயே சொல். ஊரே அண்ணாந்து பார்க்கிறது, கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறாள், கீழே தீவன மூட்டைக்கு நடுவில் அவளையே பார்த்தால் என்ன பேசுவார்கள்?

கொஞ்ச நாள் போனது. ஒரு காலையில் செருப்பைப் போடுகிறேன், நான் கேட்கும் முன்னால் அவளே சொன்னாள்.

“தேதி வந்துருச்சுங்கப்பா.”

டெப்போவே வந்து வழியனுப்பியது. மாலை போட்டார்கள். என் சகா ஒருத்தன்தான் அன்றைக்குச் சென்னை வண்டி ஓட்டினான். அவளை முதல் சீட்டில் உட்காரவைத்தான். நானும் வருகிறேன் என்றேன். லேடீஸ் ஹாஸ்டல், ஆண்களை விடமாட்டார்கள் என்றாள். வண்டி திரும்புகிறபோது ஃப்ளெக்ஸுக்கு நேராக ஒரு நிமிஷம் நின்றது. எல்லோரும் அதைக் காட்டிக் கை தட்டினார்கள். அவள் மேலே பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே போட்டோ வந்தது. கழுத்தில் நீலப் பட்டை, அட்டை. டீக்கடையில் காட்டினேன். எல்லோருக்கும் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள். “சாப்பிட்டீங்களாப்பா?” “சாப்பிட்டேன். வேலை எப்படி?” “நல்லா இருக்குங்கப்பா.” “ஏசி ரூமா?” “ஆமாங்கப்பா, ஏசிதான்.” அதில் பொய் இல்லை. அங்கே ஏசிதான்.

தண்ணீர் இருந்தால் கொடு.

அப்பாவு என்று ஒரு கண்டக்டர். என் வண்டியில்தான் ரொம்ப வருஷம் இருந்தான். பேசுகிற பேச்சில் டிக்கெட் கொடுக்க மறந்துவிடுவான், அப்படி ஒரு வாய். தர்மபுரிக்கு மாற்றலாகிப் போய்விட்டான். அவன் மகளுக்குக் கல்யாணம். அவன் சம்சாரம் பாக்கியத்துக்குச் சென்னையில்தான் பட்டு எடுக்க வேண்டும். “வாங்கண்ணா, நம்ம மதியையும் பாத்துட்டு வந்துரலாம்” என்று என்னையும் இழுத்தான். மதியிடம் சொன்னேன். “அன்னைக்கு மீட்டிங் இருக்குங்கப்பா. வெளியில வர முடியாதுங்க” என்றாள். பெரிய கம்பெனி, இருக்கும்தானே என்று அப்பாவுவிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

தியாகராய நகரில் ஒரு கடை. மாடி மேல் மாடி. பட்டு ஒரு முழு மாடி. மெத்தை விரித்து, அந்தப் பக்கம் ஒரே மாதிரி சேலை கட்டி வரிசையாகப் பெண்கள் நிற்கிறார்கள். எங்களை ஒரு இடத்தில் உட்காரச் சொன்னார்கள். எதிரே நிற்கிற பெண் குனிந்து ஒரு அரக்குப் புடவையைப் பிரித்தாள். கழுத்தில் நீலப் பட்டை.

நிமிர்ந்தாள்.

மதி.

கையில் புடவை பாதி பிரிந்து நிற்கிறது. என்னைப் பார்க்கிறாள். நான் பார்க்கிறேன். ஒரு பக்கம் அப்பாவு, ஒரு பக்கம் பாக்கியம். பின்னால் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நடக்கிறான்.

வண்டி ஓட்டுகிறவனுக்கு யோசிக்க நேரம் கிடையாது தம்பி. கை தானாகத் திருப்பும். நான் சொன்னேன், “அந்த மேல் தட்டுல இருக்கறதை எடும்மா.”

அவள் திரும்பி எடுத்தாள். மெத்தையில் வைத்தாள்.

“இதுங்களா சார்?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

நல்ல பிள்ளை. புரிந்துகொண்டாள். ஒரு நொடி பிசகவில்லை. அன்றைக்கு அவள் மானத்தை நான் காப்பாற்றினேன், என் மானத்தை அவள் காப்பாற்றினாள். யாருக்கும் தெரியாது.

அப்பாவுவுக்குத் தெரிந்திருக்குமா என்கிறாயா? எப்படித் தெரியும்? மதி இத்துனூண்டாக இருக்கிறபோது பார்த்தது. அப்புறம் ஃப்ளெக்ஸில் பார்த்திருப்பான், அதில்தான் மூஞ்சியை வெளுத்துவிட்டானே. பாக்கியம் பாட்டுக்கு அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

“எந்த ஊரு கண்ணு நீயி?”

மதி என்னைப் பார்த்தாள். நான் விலைச் சீட்டைப் பார்த்தேன்.

“ராசிபுரம் பக்கங்க.”

“அப்பா என்ன பண்றாரு?”

“பஸ்ஸு ஓட்டினாருங்க.”

பட்டைத் தடவிக்கொண்டிருந்த பாக்கியத்தின் கை அப்படியே நின்றது. ஏதோ விலை பார்த்து மலைத்துவிட்டது போலிருக்கிறது. அப்பாவு இருமினான். அதற்கப்புறம் பாக்கியம் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. “சாப்பிட்டியா சாமி?” என்று மட்டும் கேட்டது. மதி தலையை ஆட்டினாள். கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுகிற பொம்பளை, அன்றைக்கு மதி எடுத்துப் போட்டதையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டது. கிளம்பும்போது மதியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கல்யாணப் புடவை எடுத்தால் பொம்பளைகளுக்கு அப்படித்தான், கண் கலங்கும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். அவள் வேலைக்குக் கஷ்டம்.

எனக்காகச் சேலம் வழியாகவே திரும்பினார்கள். வருகிற வழி முழுக்க அப்பாவு வாயே திறக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டதாம். உளுந்தூர்ப்பேட்டையில் டீ வாங்கிக் கொடுத்தான். நான் காசை எடுத்தால் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவில்லை. “ரத்தினண்ணா” என்றான். என்னடா என்றேன். “ஒண்ணுமில்லீங்ணா” என்றான். விசித்திரமான ஆள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதி பேசவில்லை.

அதற்கடுத்த ஞாயிறும் பேசவில்லை. நான் போன் போட்டேனா என்கிறாயா? நான் எதற்குப் போட வேண்டும்? பொய் சொன்னது அவள். ‘தேதி வரலைங்கப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்? காலேஜ்காரன் ஏமாற்றினான், கம்பெனிக்காரன் ஏமாற்றினான், கடைசியில் பெற்ற பிள்ளையும் ஏமாற்றினாள். அந்தக் கடைக்காரன் பில் போடுகிற இடத்திலாவது உட்காரவைத்திருக்கலாம். அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது, நான் பார்த்தேன். நாளெல்லாம் நிற்கிறாள். கால் வீங்கியிருந்தது. அதையும் பார்த்தேன்.

பென்ஷனுக்கு விரல் வைக்க இந்த வருஷம் நானே போனேன். “ரேகை விழலைங்க பெரியவரே, அப்புறமா வாங்க” என்றான் அங்கே இருந்தவன். துடைக்கக்கூட இல்லை. அப்புறம் போனேன், விழவில்லை. நான் உயிரோடு இருக்கிறதை அந்த மிஷினிடம் சொல்ல ஆள் இல்லை. எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள், மதி எப்போது லீவில் வரும் என்று. பெரிய கம்பெனி, லீவு கிடைக்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பாவு போன வாரம் போன் செய்தான். “அண்ணா, செங்கோட்டுவேல் மில்லுல இன்னும் ஆளு கெடைக்கலையாமுங்க. நானே விசாரிச்சேன். உங்களுக்குத் தெரிஞ்ச புள்ள யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணா. யாரா இருந்தாலும் சரிங்ணா.” எனக்கு யாரைத் தெரியும்? தர்மபுரியில் இருக்கிறவன் எதற்கு எங்கள் ஊர் மில்லைப் பற்றி விசாரிக்கிறான்? வேலை இல்லாதவன்.

ஃப்ளெக்ஸா? ரோட்டை அகலப்படுத்துகிறபோது எடுக்கச் சொல்லிவிட்டார்கள். சுருட்டி எடுத்து வந்துவிட்டேன். வண்டி நிறுத்துகிற கொட்டகை ஒழுகியது, மேலே போட்டேன். படம் வெளிப்பக்கம் இருந்தால் வெயிலில் வெளுத்துவிடும் என்று உள்பக்கமாகத் திருப்பிப் போட்டேன். இப்போது கொட்டகையில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் நேர் மேலே இருக்கிறாள். மழை பெய்தால் அந்தக் கன்னத்துப் பக்கம் தொய்ந்து தண்ணீர் நிற்கும். குச்சியால் தள்ளிவிடுவேன்.

திண்டிவனம் தாண்டியாயிற்று. பாரேன், இங்கே போய் முந்துகிறான். பொறுமை வேண்டாமா ஒருத்தனுக்கு?

பை. ஆமாம், கேட்டாயே.

போன மாசம் நான் தனியாகப் போனேன், அந்தக் கடைக்கு. மகள் என்று சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே விடுவார்களோ என்னவோ, அவள் வருவாளோ என்னவோ. வாங்க வந்தவன் என்றால் பேசித்தானே ஆக வேண்டும்? அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

“வாங்க சார். என்ன பாக்கறீங்க?”

“புடவை.”

“யாருக்குங்க சார்?”

அதற்கு நான் யோசித்து வைத்திருக்கவில்லை. “வீட்டுக்கு” என்றேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? குனிந்துகொண்டாள். எடுத்துப் போட்டாள். ஒன்றைப் பிரித்தாள், அடுத்ததைப் பிரித்தாள். அடுத்தது என்று கையைக் காட்டினேன். மெத்தை நிறைந்துவிட்டது. மஞ்சள், பச்சை, மயில்கழுத்து. சூப்பர்வைசர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனான். சேலைகளை அவள் மடிக்கிற கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கோணல் இல்லை. ரெக்கார்டு நோட்டு மாதிரி.

“உனக்கு எது புடிச்சிருக்கு?” என்று கேட்டேன். ஆயுசில் அவளை நான் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கை நின்றது. மடித்திருந்ததையே எடுத்து மறுபடி மடித்தாள்.

“எங்களுக்குப் புடிச்சதைச் சொல்லக் கூடாதுங்க சார்” என்றாள்.

கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். இதுதான் அது. நீலம். எனக்குப் பிடிக்கவே இல்லை. பில் போட்டுப் பையில் போட்டுக் கொடுக்கிறபோது அவள் சொன்னாள், “புடிக்கலைன்னா மாத்திக்கலாம் சார். ஒரு மாசத்துக்குள்ள பில்லோட வாங்க.”

வரச் சொன்னாள் தம்பி. அவள் வாயால் சொன்னாள்.

என்ன? எல்லோரிடமும் சொல்கிறதுதானா? இருக்கட்டும். அது எனக்கும் தெரியும். பட்டுப் பக்கத்தில் நிற்கிற அத்தனை பெண்களும் அதையேதான் சொல்வார்கள். எனக்கு இவள் சொன்னாள்.

இன்றைக்குக் கடைசி நாள். பில் சட்டைப் பையில் இருக்கிறது.

மில் வேலையைப் பற்றிச் சொல்லச் சொல்கிறாயா? நீ சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்? கடையில் அத்தனை பேர் நடுவில் பேசுகிற பேச்சா அது? ‘வா கண்ணு, கோழித் தீவன மில்லுக்குப் போலாம்’ என்று நான் எந்த வாயால்... கொஞ்சம் சும்மா இரு. தலை வலிக்கிறது.

தண்ணீர் இன்னும் இருக்கிறதா?

கிளாம்பாக்கம் வந்துவிட்டதா? அதற்குள்ளாகவா? முன்பெல்லாம் வண்டி கோயம்பேடு வரைக்கும் போகும். இங்கே இறங்கி தியாகராய நகருக்கு எது போகிறது? உன் போனில் பார்த்துச் சொல். எனக்கு அதைத் தள்ளத் தெரியாது. எப்போதும் மதிதான் பார்த்துச் சொல்வாள். ம். சரி. சரி.

பையை மெதுவாக எடு. கசங்கக் கூடாது. கசங்கினால் மாற்றித் தரமாட்டேன் என்பான்.

இதை மாற்றி எந்தக் கலர் எடுப்பேன் என்றா கேட்கிறாய்? எதையும் எடுக்கிறதாக இல்லை. இது வேண்டாம் என்பேன், அடுத்ததைக் காட்டு என்பேன். கடையை மூடுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன். யார் என்ன சொல்ல முடியும்? அவள் பிரித்துக் காட்டித்தானே ஆக வேண்டும்.

அது அவள் வேலை.